5 வோல்ட்டை 3.33னு காட்டுன மீட்டர்: வோல்டேஜ் அளக்க எதை எடுக்கலாம்?

பிரெட்போர்டுல ரெண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டரை வரிசையா போட்டு 10 வோல்ட் குடுத்தா நடுப்புள்ளில என்ன வரும்? யோசிக்கவே வேணாம், 5 வோல்ட். என் கைல இருந்த குட்டி மீட்டர் 3.33னு காட்டுச்சு. சரி ரெசிஸ்டர்தான் கோளாறுன்னு ரெண்டையும் கழட்டி வேற போட்டேன், அப்பவும் 3.33, சப்ளைய மாத்துனேன், வேற வரிசைல குத்திப் பாத்தேன், ஒயரை மாத்துனேன், அரை நாள் போயிடுச்சு. மத்த எல்லாத்தையும் சந்தேகப்பட்டு முடிச்சப்புறம்தான் மீட்டர் மேலயே கண்ணு போச்சு.

அந்த மீட்டரோட இன்புட் ரெசிஸ்டன்ஸ், அதாவது ரெண்டு லீடுக்கும் நடுவுல மீட்டருக்குள்ளயே இருக்குற ரெசிஸ்டன்ஸ், 1 மெகா ஓம். கீழ இருக்குற 1 மெகாவுக்கு பேரலலா இன்னொரு 1 மெகா சேந்தா அரை மெகா ஆயிடும், மேல ஒண்ணு கீழ அரை, அப்ப 10 வோல்ட்ல மூணுல ஒரு பங்குதான் கீழ விழும், அதான் 3.33. மீட்டர் சரியாத்தான் காட்டிருக்கு, ப்ரோபை வெச்சிருந்த வரைக்கும் அந்தப் புள்ளில நிஜமாவே 3.33தான் இருந்துச்சு. ப்ரோபை எடுத்ததும் திரும்ப 5 ஆயிருக்கும், அதைப் பாக்கத்தான் ஆளில்ல.

அதனால எந்த மீட்டர் வாங்கலாம்னு யாராவது கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்குறது, எந்த சர்க்யூட்ல வைக்கப்போறீங்கங்கறதுதான். எத்தனை டிஜிட், என்ன விலை எல்லாம் அப்புறம். அதே ரெண்டு ரெசிஸ்டர்ல வேற வேற மீட்டர் வெச்சா என்ன வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க: முள்ளு மீட்டர், அதாவது ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் வகைய 10 வோல்ட் ரேஞ்ச்ல வெச்சா அது 200 கிலோ ஓம், காட்டுறது 1.43 வோல்ட். சாதாரண நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் 10 மெகா ஓம், காட்டுறது 4.76. மேசை மேல வைக்கிற பெரிய பென்ச் மீட்டர்ல 10 கிகா ஓமுக்கு மேலங்கற செட்டிங்க போட்டா 5.00. ஒரே புள்ளி, நாலு மீட்டர், நாலு பதில், நாலுமே பழுதில்லாத மீட்டர்.

உங்க கைல இருக்குறது எந்த வகைன்னு தெரியலயா, ரெண்டு நிமிஷ வேலை. ஒரு 9 வோல்ட் பேட்டரிய நேரா அளந்து எழுதி வெச்சுக்கோங்க, அப்புறம் மீட்டர் லீடுக்கும் பேட்டரிக்கும் நடுவுல 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை வரிசையா போட்டு திரும்ப அளங்க. 9.00ங்கறது 8.18 ஆச்சுன்னா உங்க மீட்டர் 10 மெகா ஓம். பாதியாக் குறைஞ்சு 4.50 வந்துச்சுன்னா 1 மெகா ஓம், என்னோட குட்டி மாதிரி.

இதுக்காக பயப்படவும் வேணாம். பேட்டரி, சார்ஜர், பவர் சப்ளை அவுட்புட், எல்இடி, ரிலே இதெல்லாம் அளக்குறவருக்கு 1 மெகா ஓமே தாராளம், ஏன்னா அங்க சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ், அதாவது அளக்கப்படுற சாமானோட சொந்த ரெசிஸ்டன்ஸ், சில ஓம்லேந்து சில ஆயிரம் ஓம் வரைக்கும்தான் இருக்கும். சென்சார், பெரிய ரெசிஸ்டர் டிவைடர், கெபாசிட்டர்ல தேங்கி நிக்கிற சார்ஜ், பிஹெச் எலக்ட்ரோடு இப்படி எதையாவது தொடப்போறீங்கன்னாதான் இந்தத் தலைவலி. பிஹெச் எலக்ட்ரோடெல்லாம் பல நூறு மெகா ஓம், அங்க 10 மெகா ஓம் மீட்டரும் செல்லாது, எலக்ட்ரோமீட்டர் மாதிரி இன்புட்டே கரன்ட் எடுக்காத சாமான்தான் வேணும்.

சரி, ஒவ்வொண்ணா.

முள்ளு மீட்டர். 1882ல டார்சன்வால் போட்ட அதே அடிப்படைதான், காந்தத்துக்கு நடுவுல ஒரு காயில், கரன்ட் போனா திரும்பும், ஸ்ப்ரிங் இழுத்துப் பிடிக்கும். அதுக்கு வரிசையா பெரிய ரெசிஸ்டர் போட்டா வோல்ட்மீட்டர். 50 மைக்ரோ ஆம்ப்ல முள்ளு கடைசி வரைக்கும் போகும்னா அதைத்தான் ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம்னு எழுதுறாங்க, ஒண்ணை 50 மைக்ரோவால வகுத்துப் பாத்தா புரியும். இதுல பெரிய வில்லங்கம் என்னன்னா எரர் சதவீதத்தை முழு ஸ்கேலுக்குத்தான் சொல்லுவாங்க. 3 சதவீதம்னு போட்டிருந்து 50 வோல்ட் ரேஞ்ச்ல வெச்சா எங்க முள்ளு நின்னாலும் ஒன்றரை வோல்ட் முன்ன பின்ன இருக்கலாம். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிய அதுல அளந்தா 10.5லேந்து 13.5க்குள்ள எதுவா வேணா இருக்கலாம், ஆனா அந்தப் பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது 12.7, காலியா இருக்கும்போது 11.9 கிட்டதான், மொத்த வித்தியாசமே ஒரு வோல்ட்டுக்குக் கீழ. அப்ப அந்த அளவால என்ன முடிவு எடுக்க முடியும்? போதாக்குறைக்கு பக்கத்துலேந்து சாய்ஞ்சு பாத்தா ஒரு அளவு, நேரா பாத்தா ஒரு அளவு, அதுக்குத்தான் நல்ல மீட்டர்ல முள்ளுக்குப் பின்னாடி கண்ணாடிப் பட்டை வெச்சிருப்பாங்க, முள்ளும் கண்ணாடில தெரியிற அதோட பிம்பமும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி நின்னு படிக்கணும்.

ஆனாலும் என் மேசைல ஒண்ணு இருக்கு, தூக்கிப் போட மனசு வரல. வோல்டேஜ் மெதுவா ஏறுதா இறங்குதா, ஆடுதா, லூஸ் கான்டாக்ட்டால துள்ளுதாங்கறதை முள்ளு காட்டுற மாதிரி எந்த நம்பரும் காட்டாது. துல்லியத்துக்குன்னு புதுசா வாங்குறதா இருந்தா மட்டும் வேணாம்னுதான் சொல்லுவேன்.

டிஜிட்டல் மல்டிமீட்டர்தான் பெரும்பாலான ஆளுங்களுக்கு, இதுலதான் ஏமாறுறதும் அதிகம். டிஜிட்டல் வோல்ட்மீட்டர்ங்கற சாமானையே ஆண்ட்ரூ கேங்கறவர் 1950கள்ல கொண்டுவந்தாரு, அன்னிலேந்து இன்னி வரைக்கும் ஜனங்க நம்பரைப் பாத்ததும் நம்பிடுறாங்க. 12.36னு காட்டுது அப்ப கடைசி 6 வரைக்கும் கரெக்ட்னு நெனச்சுக்குறோம். கடிகாரத்துல செகண்ட் முள்ளு இருக்குங்கறதால டைம் சரின்னு ஆயிடுமா, பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருந்தா? ரெசல்யூஷன் வேற, அக்யூரசி வேற.

மேனுவல்ல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல 0.5 சதவீதம் கூட்டல் 2 டிஜிட்னு ஒரு வரி இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி நான் படிக்கிறது அந்த வரியைத்தான். 3½ டிஜிட் மீட்டர், அதாவது 1999 வரைக்கும் எண்ணுறது, 20 வோல்ட் ரேஞ்ச்ல 12.00 காட்டுது. 12ல அரை சதவீதம் 0.06, கடைசி டிஜிட்ல ரெண்டு 0.02, ஆக மொத்தம் 0.08 வோல்ட் முன்ன பின்ன. அதே 12 வோல்ட்டை சோம்பேறித்தனமா 200 வோல்ட் ரேஞ்ச்ல அளந்தா கடைசி டிஜிட்டே 0.1, அப்ப எரர் 0.26 ஆயிடும். மீட்டரை மாத்தாமலே துல்லியத்தை மூணு மடங்கு கெடுத்துக்கலாம், ரேஞ்ச் நாபை ஒரு கட்டம் தள்ளித் திருப்புனா போதும். 4½ டிஜிட்ல 0.05 சதவீதம் கூட்டல் 3 டிஜிட்னு இருந்தா அதே 12க்கு 0.009தான். பேட்டரி சார்ஜ் பாக்க முதலாவதே போதும். லித்தியம் செல்லுக்கு 4.20ல கட் பண்ற சார்ஜரை செட் பண்றவருக்கு ரெண்டாவது வேணும், ஏன்னா 0.5 சதவீத மீட்டர்ல 4.20ங்கறது 4.16ஆவும் இருக்கலாம் 4.24ஆவும் இருக்கலாம்.

இன்னொண்ணு, மீட்டருக்குள்ள இருக்குற பேட்டரி வீக்கானா நிறைய மீட்டர் அளவைக் கூட்டிக் காட்டும். உள்ள ஒப்பிட்டுப் பாக்குற ரெஃபரன்ஸ் வோல்டேஜ் இறங்கிடுறதால வெளில இருக்குறது பெருசாத் தெரியும். திரைல பேட்டரி படம் வந்ததுக்கப்புறம் எடுத்த எந்த அளவையும் நான் நோட்ல எழுதுறதில்ல.

ஏசிக்கு வாங்க, இங்கதான் கூத்து. சாதா மீட்டர் ஏசிய நேராக்கி சராசரி எடுத்து 1.11ஆல பெருக்கிக் காட்டும். சுத்தமான சைன் அலைன்னா சரியா வரும். ஸ்கொயர் அலை வந்தா 11 சதவீதம் அதிகமா காட்டும், முக்கோண அலைன்னா 4 சதவீதம் கிட்ட கம்மி. டிம்மர் போட்ட லைட்டுல இன்னும் மோசம், 100 வோல்ட் சைன் அலைல ஒவ்வொரு அரைச் சுத்துலயும் முன்பாதிய டிம்மர் வெட்டுனா உண்மையான ஆர்எம்எஸ் (அதே அளவு சூடு குடுக்குற டிசி வோல்டேஜ்) 70.7, சாதா மீட்டர் காட்டுறது 50. விலை கம்மியான இன்வெர்ட்டரோட அவுட்புட்ட அளந்துட்டு இது வோல்டேஜே சரியா குடுக்கலன்னு சண்டைக்குப் போறவங்கள்ல பாதி பேர் கைல இந்த மீட்டர்தான் இருக்கும். ட்ரூ ஆர்எம்எஸ்னு எழுதியிருக்குறதை வாங்குனா இந்தத் தொல்லை போயிடும், ஆனா அதுக்கும் எல்லை உண்டு, எத்தனை ஹெர்ட்ஸ் வரைக்கும்னு பாருங்க, பல மீட்டருக்கு 1 கிலோஹெர்ட்ஸ் தாண்டுனா பொறுப்பில்லன்னு அவங்களே எழுதியிருப்பாங்க. லீடு ரெண்டையும் ஒட்ட வெச்சா ஏசி ரேஞ்ச்ல சைபர் வராம சில டிஜிட் நிக்கும், அது பழுதில்ல, ட்ரூ ஆர்எம்எஸ் சர்க்யூட்டோட குணம் அப்படி.

இன்புட் ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தின்னா எப்பவும் நல்லதுன்னு இதுவரைக்கும் படிச்சவங்க நெனச்சிருப்பீங்க. சுவத்துக்குள்ள ஓடுற வயரிங்ல அது தலைகீழ். ஒரு பக்கம் கழட்டி விட்ட ஒயர் லைவ் ஒயர் கூடவே பக்கத்துல ஓடுனா, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கொஞ்சூண்டு கெபாசிட்டன்ஸ் வழியா ஒரு வோல்டேஜ் தொத்திக்கும், 10 மெகா ஓம் மீட்டர் அதை 60, 80 வோல்ட்னு காட்டி ஆளைக் கலங்கடிக்கும். கோஸ்ட் வோல்டேஜ்ங்குறது இதுதான். எலக்ட்ரீஷியன்களுக்கு வர்ற மீட்டர்ல லோ இம்பீடன்ஸ்னு தனி மோடு இருக்கும், சில ஆயிரம் ஓம் லோடு போட்டு அளக்கும், பேய் வோல்டேஜா இருந்தா பொசுக்குன்னு சைபருக்கு வந்துடும். வயரிங் வேலைதான் முக்கியம்னா அஞ்சாவது டிஜிட்டை விட இந்த ஒரு மோடு மேல். தொடாம சத்தம் போடுற டெஸ்டரை அளவுக்கருவின்னே நான் கணக்குல சேக்குறதில்ல, லைவ் இருக்கலாம்னு ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். அது கத்தலங்கறதை நம்பி கை வைக்காதீங்க.

மெயின்ஸ்ல கை வைக்கிறதா இருந்தா கேட் 3, கேட் 4னு மீட்டர் முகத்துல எழுதியிருக்கான்னு பாருங்க. லைன்ல திடீர்னு வர்ற உச்ச வோல்டேஜை தாங்குமாங்கறதுதான் அது. பிளக் பாயின்ட்ல மாட்டுற சாமானுக்கு கேட் 2, டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்கு 3, மீட்டர் போர்டு சர்வீஸ் லைனுக்கு 4. சிவப்பு லீடை ஆம்ப் சாக்கெட்லேயே மறந்து விட்டுட்டு மெயின்ஸ் வோல்டேஜ் அளக்கப் போன அனுபவம் எனக்கு ஒரு தடவை ஆச்சு. ஆம்ப் சாக்கெட்ங்கறது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்தான. நல்ல ஃப்யூஸ் இருந்துச்சு, டப்புன்னு ஒரு சத்தத்தோட முடிஞ்சுது. கண்ணாடி ஃப்யூஸ் போட்ட மீட்டரா இருந்தா கதை வேற.

வோல்டேஜ் நேரத்தோட மாறுறதை திரைல கோடா வரையிற ஆஸிலாஸ்கோப் இருக்கே அதுலயே வோல்டேஜ் அளக்கலாமேன்னு கேப்பாங்க. துல்லியம்னு மட்டும் பாத்தா ஸ்கோப் மட்டம். பெரும்பாலானது 8 பிட், அதாவது மொத்த திரையையும் 256 படியா வெட்டிப் பாக்கும், 8 வோல்ட் தெரியிற மாதிரி வெச்சா ஒரு படி கிட்டத்தட்ட 30 மில்லிவோல்ட், அது மேல 2, 3 சதவீத கெயின் எரர் வேற. ஆனா மல்டிமீட்டர் ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணு தடவைதான் அளவை மாத்திக் காட்டும். 5 வோல்ட் சப்ளைல ஓடுற போர்டு ஒண்ணு அப்பப்ப தானா ரீசெட் ஆகுது, மீட்டர் வெச்சா 5.02ன்னு ஆடாம அசையாம நிக்குது. ஸ்கோப்ல பாத்தா மோட்டார் ஸ்டார்ட் ஆகுற ஒவ்வொரு தடவையும் 2 மில்லிசெகண்ட் அளவுக்கு வோல்டேஜ் 4.1க்கு குதிச்சு இறங்கி ஏறுது. இந்த இடத்துல 6½ டிஜிட் மீட்டர் வெச்சிருந்தாலும் 5.02ஐ இன்னும் மூணு தசமத்தோட காட்டியிருக்கும், பிரச்சனை அப்படியே இருந்திருக்கும். ப்ரோபை 10 மடங்குல வெச்சா 10 மெகா ஓம், 1ல வெச்சா 1 மெகா ஓம், இதுவும் ஞாபகம் இருக்கட்டும். அப்புறம் ஸ்கோப்போட கிரவுண்ட் கிளிப் நேரா எர்த்துக்குப் போகுது, அதை மெயின்ஸோட நேரா சேந்திருக்குற எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) பிரைமரி பக்கம் மாட்டுனா வெடிதான். அங்க எர்த்தைத் தொடாம ரெண்டு புள்ளிக்கு நடுவுல அளக்குற டிஃபரென்ஷியல் ப்ரோப் இல்லாம போகவே கூடாது.

மைக்ரோகன்ட்ரோலர் போர்டையே மீட்டரா ஆக்குறது பத்தி சுருக்கமா. 10 பிட், அதாவது 1024 படி, 5 வோல்ட்னா ஒரு படி 4.9 மில்லிவோல்ட், பரவால்லன்னு தோணும். ஆனா அது ஒப்பிட்டுப் பாக்குறதே யூஎஸ்பிலேந்து வர்ற 5 வோல்ட்டை, அது கேபிள்ல இறங்கி 4.7 ஆச்சுன்னா எல்லா அளவும் 6 சதவீதம் ஏறிக்கும். தனி ரெஃபரன்ஸ் சிப் போட்டா உருப்படும், ராத்திரி பூரா லாக் பண்றதுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல.

6½ டிஜிட் பென்ச் மீட்டர்தான் ஆசைப்படுற சாமான். 10 வோல்ட்டை அரை மில்லிவோல்ட்டுக்குள்ள, அதுவும் ஒரு வருஷம் கழிச்சும் சொல்ற ஜாதி. மெயின்ஸ் இரைச்சலை ஒதுக்க ஒரு முழுச் சுத்து நேரம், 50 ஹெர்ட்ஸ்னா 20 மில்லிசெகண்டோ அதோட மடங்கோ, கூட்டிச் சேத்து அளக்கும், ஏற்றமும் இறக்கமும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ஆனா வாங்குனதும் தெரியும், இப்ப எதிரி மீட்டர் இல்ல, நம்ம ஒயர்தான். செம்பும் ஈயச் சால்டரும் சேர்ற இடத்துல ஒரு டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கு சில மைக்ரோவோல்ட் தானா கிளம்பும், செம்பு மேல ஆக்ஸைடு படிஞ்சிருந்தா ஒரு மில்லிவோல்ட் வரைக்கும் கூட போகும். ப்ரோபை விரலால இறுக்கிப் புடிச்சா கடைசி டிஜிட் நகர்றதை உக்காந்து வேடிக்கை பாக்கலாம். அரை மணியிலேந்து ஒரு மணி நேரம் சூடாகவும் விடணும். ரெஃபரன்ஸ் சிப், சென்சார், ப்ரிசிஷன் ஆம்ப்ளிஃபயர் வேலை இல்லாதவங்களுக்கு இது மேசை அலங்காரம்.

அப்ப எதை எடுக்கலாம்? ஒண்ணே ஒண்ணுதான்னா 6000 கவுன்ட் (5999 வரைக்கும் எண்ணுறது), ட்ரூ ஆர்எம்எஸ், 10 மெகா ஓம், கேட் 3 போட்ட கைமீட்டர், ரெண்டாவது யோசனையே இல்ல. ரெண்டாவது சாமான் வாங்குறப்ப இன்னொரு உசத்தி மீட்டருக்குப் போகாம ஸ்கோப்புக்குப் போங்க. லித்தியம் பேக், சார்ஜர் கேலிபரேஷன்னு போறவங்க மட்டும் ஸ்கோப்புக்கு முன்னாடி 4½ டிஜிட். வயரிங் ஆளுங்களுக்கு லோ இம்பீடன்ஸ் மோடு. எந்த மீட்டரா இருந்தாலும் கூட ஒரு சின்ன வோல்டேஜ் ரெஃபரன்ஸ் போர்டு வெச்சுக்கோங்க, மாசம் ஒரு தடவை வெச்சுப் பாத்தா மீட்டர் நகந்துடுச்சான்னு தெரிஞ்சுடும்.

இதெல்லாம் இப்ப முடியாது, கைல இருக்குறது அந்த 1 மெகா ஓம் குட்டி மட்டும்தான்னா? 1841லயே போகன்டார்ஃப்ங்கற ஜெர்மன் இயற்பியலாளர் வழி சொல்லிட்டாரு. ஸ்கூல் லேப்ல நீளக் கம்பி, கால்வனோமீட்டர், ஜாக்கி வெச்சு தேச்சுக்கிட்டே போவோமே பொட்டென்ஷியோமீட்டர், அதேதான். அளக்கவேண்டிய வோல்டேஜுக்கு எதிரா நமக்குத் தெரிஞ்ச வோல்டேஜை நிறுத்தி நடுவுல கரன்ட் சைபர் ஆகுற வரைக்கும் நகத்துறது. கரன்டே ஓடலன்னா லோடிங்கும், அதாவது மீட்டரே வோல்டேஜை இழுத்து இறக்குறதும், இல்ல. தெரிஞ்ச வோல்டேஜா அப்புறம் வெஸ்டன் செல்ங்கற ஸ்டாண்டர்டு பேட்டரிய, 20 டிகிரில 1.0186 வோல்ட், வெச்சிருந்தாங்க, 1990லேந்து அந்த வேலைய ஜோசப்சன் ஜங்ஷன் பாத்துக்குது, மைக்ரோவேவ் அதிர்வெண்ணை அப்படியே வோல்ட்டா மாத்துற சாமான், நம்ம மேசைக்கு வராது.

நம்ம மேசைக்கு வர்றது இது: அட்ஜஸ்ட் பண்ற மாதிரி ரெண்டாவது சப்ளை ஒண்ணை எடுத்து அதோட மைனஸை டிவைடரோட மைனஸ்ல சேத்துடுங்க. குட்டி மீட்டரை அந்த சப்ளையோட பிளஸுக்கும் ரெண்டு மெகா ஓமுக்கு நடுப்புள்ளிக்கும் இடையில மாட்டுங்க, முதல்ல பெரிய ரேஞ்ச்ல. நாபை மெதுவா திருப்பி சைபர் கிட்ட வந்ததும் 200 மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு இறங்கி திரும்பத் திருப்புங்க, 0.0 வரணும். இப்ப மீட்டரைக் கழட்டி அந்த சப்ளையோட அவுட்புட்ட நேரா அளங்க. நான் செஞ்சப்ப, அரை நாள் என்னை அலையவிட்ட அதே மீட்டர், அதே ரெண்டு ரெசிஸ்டர், 4.99னு காட்டுச்சு.